மன்னிப்பு எந்தக் கட்டத்தில்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. கோவிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுக் கட்டடத்தில்தான் எங்கள் விவிலிய வகுப்பு. சந்தையில் மீன் விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, தலையை உலர்த்தக்கூட நேரமில்லாமல் ஓடிவந்த பெண்கள் பதினைந்து இருபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ நெத்தலி காயப்போட்டிருந்தார்கள். அந்த வாடையும் ஈரத் தலைகளின் எண்ணெய் வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தன.

பிலோமினா எழுந்து வந்து தன் நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தாள். பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு கிழித்து மூன்று கட்டம் போட்டிருந்தாள். ஒரே சம்பவம், மூன்று கட்டத்திலும் மூன்று விதமாக, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில்.

ஒரு பழைய புத்தகத்தில் பார்த்த கதை என்றாள். இரண்டு பேர் பாலைவனத்தில் வழி தப்பிவிடுகிறார்கள். ஒருவன் சாகிறான். பிழைத்து வந்தவன், செத்தவனின் கடைசி நேரம் எப்படி இருந்தது என்று சொல்கிறான். அது மூன்று காலத்தில் மூன்று மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் சொல்லித் தந்த முறைப்படி, எது முதலில் வந்தது, எது பின்னால் ஒட்டவைத்தது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

நான் பூரித்துப்போனேன். நான் கற்றுக்கொடுத்ததை ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து தானாகச் செய்து பார்த்திருக்கிறாளே என்று உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தக் கதையில் பாலைவனமே கிடையாது. செத்தவன் அவளுடைய கணவன் மிக்கேல், கடலில் போனவன். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாமல் நான் செய்துவைத்ததை எழுதாமல் இரண்டு வாரமாக இந்தப் பத்தியில் மடத்துச் சாப்பாடு, மடத்துப் பூனை என்று எதையெதையோ எழுதி உங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். இனித் தள்ளிப்போட முடியாது.

சிஸ்டரக்கா

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. பதினான்கு வருடம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். மணவாளக்குறிச்சிக்கு மேற்கே, கறுத்த மணல் உள்ள கடற்கரை ஊர் எனக்கு. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை ஆனேன். முக்காடு போனது, அங்கி போனது, ‘சிஸ்டர்’ மட்டும் போகவில்லை. ஊரில் எல்லோருக்கும் நான் சிஸ்டரக்கா. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மடத்தில் என்னை வேதாகமம் படிக்க அனுப்பினார்கள். அங்கே மூன்று வருடம் கிரேக்கம் படித்தேன். எங்கள் கரையில் கிரேக்கம் தெரிந்த ஒரே பெண் நான்தான் என்ற திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். பங்குச் சாமியார் வந்து, பெண்களுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுக்கலாமே என்று கேட்டபோது ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை நான்.

முதல் வகுப்பிலேயே மேசைமேல் மூன்று தமிழ் விவிலியங்களை வைத்தேன். எங்கள் அப்பா காலத்துப் பழைய கத்தோலிக்கப் பதிப்பு ஒன்று. நாகர்கோவிலில் இருக்கும் சீர்திருத்த சபைத் தோழியிடம் இரவல் வாங்கியது ஒன்று. இப்போது கோவிலில் வாசிப்பது ஒன்று. ஒரே வசனத்தை மூன்றிலும் வாசிக்கச் சொன்னேன். மூன்றும் மூன்று மாதிரி இருந்ததும் பெண்கள் அசந்துவிட்டார்கள். கடவுள் தமிழிலேயே பேசினார் என்றுதான் பாதிப் பேர் அதுவரை நினைத்திருந்தார்கள்.

அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வலை நிறைய மீன் பட்டு, பாரம் தாங்காமல் இரண்டு படகும் முங்கப்போகிற ஒரு இடம் நற்செய்தியில் வரும். அதை வாசித்ததும் புஷ்பம் என்கிற மீன்காரி, “வள்ளம் முங்குத அளவுக்கு எந்த மடையன் மீன் ஏத்துவான்? இத எழுதினவன் கரையில நின்னவனாக்கும்” என்றாள். நான் கைதட்டிவிட்டேன். எழுதியவர் யார், எங்கே நின்று எழுதினார் என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக விவாதித்ததை அவள் மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் கட்டம் போடக் கற்றுக்கொடுத்தேன். ஒரே சம்பவத்தை நான்கு நற்செய்திகளும் எப்படிச் சொல்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. அதோடு ஒரு விதியும் சொல்லிக்கொடுத்தேன். உறுத்துகிற மாதிரி, முரடாக, குட்டையாக இருப்பது பெரும்பாலும் முதலில் எழுதப்பட்டது. மனசுக்கு இதமாக இருப்பது பின்னால் யாரோ சேர்த்தது. இதைச் சொல்லும்போது ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை.

சில பிரதிகளில் இல்லாத வரி

பிலோமினா நோட்டோடு வந்ததற்கு முந்தின ஞாயிறு, சிலுவைச் சாவைக் கட்டம் போட்டோம். தன்னைக் கொல்கிறவர்களை மன்னித்துவிடும்படி இயேசு தந்தையிடம் கேட்கிற வரி ஒன்று மூன்றாம் நற்செய்தியில் மட்டும் வருகிறது. எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று அந்த வரி வரும்போது ஆண்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.

மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்த வரி இல்லை என்று சொன்னேன். கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கிற சுகம் அது. வாத்தியார் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பிலோமினாதான் கேட்டாள். “அப்பம் அவரு மன்னிக்கவே இல்லியா, சிஸ்டரக்கா?”

பின்னால் வந்தவர்கள் அவரை மன்னிக்க வைத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

இதில் இன்னொரு பாதி உண்டு. அந்த வரி முதலிலேயே இருந்தது, மன்னிக்க மனசில்லாத யாரோ பிரதி எடுக்கும்போது அதை வெட்டிவிட்டார்கள் என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். சொல்லியிருந்தால் குண்டு புஸ்ஸென்று போயிருக்கும். அதனால் சொல்லவில்லை.

திரும்பி வந்தவன்

மிக்கேலின் சாவைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, ஆழ்கடலுக்குத் தங்கல் போன படகு. போய்ப் பத்தாவது நாளோ என்னவோ, வடக்கே எங்கோ காற்றில் கவிழ்ந்தது. ஐந்து பேரில் லாரன்ஸ் மட்டும் உயிரோடு வந்தான். மிக்கேலின் உடல் கிடைக்கவில்லை. கல்யாணச் சட்டையையும் வேட்டியையும் பெட்டிக்குள் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். நான் அந்த வருடம் மடத்தில் இருந்தேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமியாரும் வகுத்தது இல்லை. கடலில் இருந்து திரும்பி வந்தவன், திரும்பாதவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொரு வருடமும் நினைவு நாள் ஆண்டுப் பூசை முடிந்த கையோடு போக வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து, கடைசியில் என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்ல வேண்டும். வீட்டார் மட்டும் இருப்பார்கள். தெரிந்த கதைதான், ஆனாலும் கேட்பார்கள். உடல் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சுதான் உடல்.

லாரன்ஸ் நான்கு வீட்டுக்குப் போக வேண்டும். நான்கு வீட்டிலும் அழுகிற முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு வருடம் கதை கொஞ்சம் வளர்ந்தால் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

பிலோமினாவுக்கு அந்தக் கதையில் வேண்டியிருந்தது ஒரே ஒரு இடம் என்று பின்னால்தான் தெரிந்தது. மிக்கேல் கிளம்பிய காலையில் இருவருக்கும் பெரிய சண்டை. குடித்துவிட்டு வந்து மாமியார் முன்னால் கையை நீட்டியிருக்கிறான். இவள் வாசலில் நின்று, போற போக்கிலேயே கடலோடு போய்த் தொலையும் என்று சொல்லிவிட்டாள். கடலுக்குப் போகிறவனைப் பின்னால் இருந்து கூப்பிடக்கூட மாட்டார்கள் எங்கள் ஊரில். இவள் இப்படிச் சொல்லிவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். போனவன் போனவன்தான்.

லாரன்ஸ் அவளுக்குக் கொண்டுவந்து தந்தது ஒரு வாக்கியம். அவள் சொன்னதை நான் மனசில் வைக்கவில்லை, அவளிடம் சொல்லு என்று மிக்கேல் சொன்னானாம். அத்தனை வருடமும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள், மீன் கூடை தூக்கினாள், ராத்திரி தூங்கினாள்.

நான் கட்டம் போடக் கற்றுக்கொடுத்தேன். அவள் போய் அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டாள்.

சிவப்புப் பேனா

முதல் கட்டத்தில் இருந்தது மீட்கப்பட்ட உடனே அதிகாரிகள் லாரன்ஸிடம் எழுதி வாங்கிய வாக்குமூலம். இறப்புச் சான்றிதழுக்காக அதன் தமிழ் நகல் ஒன்று அவளிடம் இருந்தது. இரண்டாவது, ஒரு மாதம் கழித்து அப்போதைய பங்குச் சாமியார் கேட்டு எழுதிவைத்த குறிப்பு. மூன்றாவது, கடைசி ஆண்டுப் பூசையன்று லாரன்ஸ் கூடத்தில் உட்கார்ந்து சொன்னது. கடலைப் பாலைவனமாக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, வேதப் புத்தகத்துத் தமிழில் அத்தனையையும் மாற்றி எழுதியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்.

நான் நோட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். முதல் கட்டம் நான்கே வரி. இருவரும் சேர்ந்திருந்தார்கள், இரண்டாம் நாள் ஒருவன் விழுந்தான், பிறகு எழவில்லை. இதுதான் மூலம் என்றேன். பாருங்கள், ஒரு ஆறுதல் இல்லை, ஒரு அலங்காரம் இல்லை, கண்ணால் பார்த்தவன் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்றேன்.

இரண்டாவதில் செபம் வந்திருந்தது. மனைவிக்குச் சொல்லியனுப்பிய அந்த வாக்கியமும் வந்திருந்தது. இங்கே ஒரு இளகிய மனசு உள்ளே புகுந்திருக்கிறது என்று சொல்லி, என் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். மூன்றாவதில் சாகிறவன் சிரிக்கிறான், பிள்ளைகள் பெயரைச் சொல்கிறான், நண்பனின் தோளில் சாய்ந்து சிலுவை போடுகிறான். முழுக்க அடித்தேன்.

அதோடாவது நிறுத்தினேனா? செத்துக்கொண்டிருக்கிறவன் இவ்வளவு பாந்தமாகப் பேசுவானா என்று நையாண்டி வேறு. எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினாவும் லேசாகச் சிரித்தாள்.

“அந்த மன்னிச்ச வரி உறுதியா பின்னாடி சேத்ததுதானா?” என்று ஒருமுறை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றேன். சரி என்று நோட்டை வாங்கிக்கொண்டாள். மை ஈரமாக இருந்ததால் இரண்டு மூன்று முறை ஊதிவிட்டு மூடினாள்.

எந்த மொழியில் சொன்னான்

அடுத்த மாதம் மிக்கேலின் ஆண்டுப் பூசை. லாரன்ஸ் வழக்கம்போல அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். உட்கார்ந்து ஆரம்பித்ததும், இனிச் சொல்லாண்டாம் லாரன்ஸ் என்று சொல்லி நோட்டைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அவன் வாசலில் வந்து நின்றான். ஐம்பது வயது ஆள். அது யாருடைய கதை என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அவன் ஒளிக்கவில்லை. செபம் சொன்னது, சிரித்தது, தோளில் சாய்ந்தது எல்லாம் அவன் சேர்த்ததுதான். மிக்கேல் உப்புத் தண்ணீர் குடித்துப் புத்தி பேதலித்து, தன் அம்மாவைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே, இவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். இரண்டு பேரும் பிடித்து மிதந்தது ஒரே காலிக் கேன். கடைசியில் கேனைப் பிடித்திருந்த மிக்கேலின் கையை விடுவித்தது இவன்தான். அதை யாரிடம் சொல்வான்?

“நான் சேக்காதது அது ஒண்ணுதான், சிஸ்டரக்கா. மொத நாளு அந்தியில, புத்தி தெளிவா இருக்கும்பம் சொன்னான். அதப் போயி அடிச்சுப்போட்டியளே.”

வாக்குமூலத்தில் அது ஏன் இல்லை என்று நான் கேட்டேன். அந்த நிலையிலும் எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

மீட்ட கப்பல் அவனை வடக்கே ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டது. அவனுக்கு நம் கரைத் தமிழ் தவிர வேறு தெரியாது. அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு மலையாளி கேட்டு இந்தியில் சொல்ல, அதிகாரி ஆங்கிலத்தில் தட்டினார். வீட்டுக்குச் சொல்லிவிட்ட சேதி எல்லாம் எதற்கு, ஆள் எப்போது போனான் அதைச் சொல் என்றார்களாம். பிறகு நாகர்கோவிலில் யாரோ ஒருவர் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கினார்.

மூலம் மூலம் என்று நான் தலையில் தூக்கிவைத்து ஆடியது, மூன்று மொழி மாறி வந்த ஒரு சுருக்கம். எந்த நூலை எடுத்தாலும் முதலில் இது எந்த மொழியில் சொல்லப்பட்டது என்று கேளுங்கள் என்று வகுப்புக்கு வகுப்பு சொன்னவள் நான். அன்றைக்கு நான் கேட்கவில்லை. வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

நான்காவது

அப்போதே அவனை அழைத்துக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போனேன். பெரியவள் நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போயிருந்தாள், சின்னவள் இன்னும் வந்திருக்கவில்லை. பிலோமினா எங்கள் இருவருக்கும் தேயிலைத் தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

லாரன்ஸ் அன்று எதையும் சேர்க்காமல் சொன்னான். உப்புத் தண்ணீர், கெட்ட வார்த்தை, கேன், கையை விடுவித்தது. அதைச் சொல்லும்போது மிக்கேலின் விரலை எப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தான் என்று தன் இடது கையில் காட்டினான். பிறகு, முதல் நாள் சாயங்காலம் மிக்கேல் சொன்ன வாக்கியத்தையும் சொன்னான். அழுதான். அவள் அழவில்லை. தேயிலை ஆறுது, குடியும் என்றாள். அவன் குடித்துவிட்டு எழுந்து போனான். போகும்போது அவள் வாசல்வரை வந்து, நீரு நல்ல மனுசன் என்று சொல்லி அனுப்பினாள்.

நான் விடவில்லை. வாக்குமூலத்தில் வெட்டிவிட்டார்கள், அதனால்தான் அதில் இல்லை என்றேன். இல்லாததாலேயே ஒன்று பொய்யாகிவிடாது என்றேன். சிலுவை வரியைப் பற்றி மறைத்த மறு பாதியையும் சொன்னேன், வெட்டப்பட்டிருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு என்று. என் கையாலேயே அவன் விரலைப் பிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறவன் இதில் மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்றேன். நீ வாசலில் நின்று சொன்னது உன் வீட்டாருக்கு மட்டும்தானே தெரியும், லாரன்ஸ் எப்படிக் கற்பனை செய்ய முடியும் என்றேன். அது நல்ல வாதம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வாதம் நான் செய்ததில்லை.

பத்து நாள் ஒரே படகில் இருந்தார்கள், என் வீட்டுக்காரருக்கு வாயில் ஒன்றும் நிற்காது, சண்டையை எல்லோரிடமும் சொல்லித்தான் இருப்பார் என்றாள் பிலோமினா. கேனில் கையை விடுவித்தவனுக்கு என்னிடம் ஏதாவது நல்லதாகத் தர வேண்டும் என்று இருக்கும், அதைத் தப்பு சொல்ல முடியாது என்றாள். கோபமே இல்லாமல், கணக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி சொன்னாள். நான் கற்றுக்கொடுத்ததை என்னைவிட நன்றாகக் கற்றிருந்தாள்.

அப்புறம் கேட்டாள். “அந்த மறு பாதிய அண்ணைக்கு ஏன் சொல்லல்ல?”

நேரமாகிவிட்டது, மணி அடித்துவிட்டது என்று ஏதேதோ வாய்வரை வந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மீன் வாடை அடிக்கும், பொறுத்துக்கோங்க என்றாள்.

“நீங்க இப்பம் சொல்லுதது மனசுக்கு நல்லாத்தான் இருக்கு, சிஸ்டரக்கா. லாரன்ஸ் சொன்னதும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் பிந்தி வந்ததுல்லா.”

சொல்லிவிட்டு இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.